ஏழு மணி பஸ் சரியாக ஏழு மணிக்கு வந்த நாள்

எங்கள் வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலை விட்டு இறங்கினால் நான் வடக்கே போவேன், என் மனைவி தெற்கே போவாள். நான் போகிற பக்கம் ரயில் இருக்கிறது. அவள் போகிற பக்கம் ஒரே ஒரு பஸ். விஷயம் இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல எனக்கு இத்தனை பக்கம் தேவைப்படுகிறதே என்று எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

நாங்கள் குடியிருப்பது திருநின்றவூருக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில். ஒரு காலத்தில் வயலாக இருந்து மனையாகி, மனை வீடாகி, வீடு மாடியாகிக் கொண்டிருக்கிற இடம். எங்களுக்கு மனை காட்டியவர் மண்ணைக் கையில் அள்ளிக் காட்டி, "ரெண்டு பக்கமும் போய்க்கலாம் சார், டவுனே உங்க கையில" என்றார். பாதி உண்மை. நான் சைக்கிளை எடுத்து ஸ்டேஷனுக்குப் போய்விட்டால் ஒரு ரயில் போனாலும் பின்னாலேயே இன்னொன்று வரும். அம்பத்தூரில் இறங்கி நடந்தால் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் நான் தகடு வெட்டுகிற பிரஸ் ஓட்டுகிற பட்டறை. இத்தனை வருஷத்தில் ரயிலால் நான் வேலைக்குத் தாமதமாகப் போன நாள் மழைக்காலத்தில் சில உண்டு, அவ்வளவே. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

என் மனைவிக்குக் குமணன்சாவடியைத் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா வேலை. படுக்கையில் கிடக்கிறவர்களைப் புரட்டிப் போடுவது, உடம்பு துடைத்து விடுவது, துணி மாற்றுவது. பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கிற வேலை. அவள் அதை ஊழியம் மாதிரி செய்வாள். நோயாளிகள் யாராக இருந்தாலும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், துடைத்து முடித்ததும் தலையில் கை வைத்து மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் சொல்லுவாளாம். "வெளிய கேக்காதுங்க, எனக்கும் ஆண்டவருக்கும்தான் கேக்கும்" என்பாள். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு பெண் சந்தோஷமாக வேலைக்குக் கிளம்புவதைப் பார்ப்பது எனக்கு ஒரு பெருமை. அதைக் காப்பாற்ற முடியாமல் போன கதைதான் இது.

அவளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் ஏழு மணி பஸ். ஏழு மணி என்பது அதன் பெயர். அது ஏழு மணிக்கு வந்ததாக எங்கள் தெருவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. ஏழே கால், ஏழரை, சில நாள் அதற்கும் மேல். அதனால் யாரும் நேரம் பார்த்து நிறுத்தத்துக்குப் போவதில்லை. முந்தைய நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு சகோதரி இருக்கிறாள். பஸ் அவளைத் தாண்டும்போது என் மனைவிக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். போன் அடித்ததும் இவள் கதவைத் திறந்து, "வருதும்மோவ்!" என்று தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரலுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் கையில் டிபன் பாக்ஸோடு இறங்கி ஓடுவார்கள். பூ கட்டப் போகிறவள், கம்பெனிக்குப் போகிறவள், பூந்தமல்லியில் கடைக்குப் போகிறவள். பஸ் வந்து நிற்கும்போதுதான் நிறுத்தத்தில் ஆள் இருக்கும். அதற்கு முன்னால் வந்து பார்த்தால் ஒரு நாயும் நாலு பாக்கு உறையும்தான் கிடக்கும். இப்படியே பழகிப் போனோம். பழக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்று அப்போது தெரியவில்லை.

என் தங்கை முகப்பேரில் ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டு பால்கனியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீழே ஒரு பஸ் போனது, அது போன சூடு ஆறுவதற்குள் இன்னொன்று. உள்ளே தலைகள் அங்கொன்றும் இங்கொன்றும்.

"இதுல யாரும்மா போறாங்க?" என்றேன்.

"யாருண்ணா போறா? எங்க பிளாட்ல எல்லார்கிட்டயும் வண்டி இருக்கு."

"அப்ப ஒண்ண எங்க பக்கம் அனுப்பி வையேன். உங்கண்ணி தொங்கிக்கிட்டுப் போறா."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவளுக்கு பஸ் வேண்டாம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அவள் பிள்ளைகள் அந்த பஸ்ஸில் போய்ப் படித்து வளர்ந்தவர்கள். ஆனால் திரும்பி வரும்போது ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். ஊர் பெரிதாகிக்கொண்டே போகிறது. பெரிதாகிற ஓரத்தில் போய் உட்கார்கிறவன் வசதி இல்லாததால்தான் அங்கே உட்காருகிறான். வண்டி வாங்க முடியாதவனும் அவனே. பஸ் மட்டும் ஏற்கெனவே இருக்கிற இடத்திலேயே சேர்ந்துகொண்டே போகிறது. இது எந்த நியாயம்?

பூந்தமல்லிக்கு மேலேயே ஓடுகிற மெட்ரோ ரயில் வருகிறது என்று நெடுஞ்சாலையில் தூண்கள் எழும்பின. என் மனைவிக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆச்சரியம். ஆஸ்பத்திரி மொட்டை மாடியில் துணி காயப் போடும்போது பக்கத்தில் தெரிகிறது என்பாள். சோதனைக்கு ரயில் ஓடின அன்றைக்கு சபையில் நன்றி சொன்னோம். நல்ல காரியம் நாட்டுக்கு நடந்தால் நமக்கும் நடந்த மாதிரிதானே. மேல் ரயில் வந்தால் கீழே ஓடுகிற பஸ்களை எல்லாம் மாற்றி அடுக்குவார்கள் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் பஸ் கண்டக்டர்தான் சொன்னார், அதுவும் ரகசியமாக.

என் மனைவி வந்து அவரைப் போலவே பேசிக் காட்டினாள்.

"யக்கா, ஒரு மேட்டரு சொல்றேன், என் பேர இய்க்காத. வர்ற புதங்கெயம ஆளு எண்ண வர்றாங்கோ. எந்த ஸ்டாப்ல எத்தினி பேரு ஏர்றாங்கோ, எத்தினி பேரு எறங்குறாங்கோ, அல்லாம் குறிச்சிகினு போவாங்கோ. கூட்டம் இருந்தா பஸ்சு இருக்கும். இல்லாங்காட்டி இந்த ரூட்டே காலி."

"ஏம்பா, நாங்க எல்லாம் டெய்லி ஏர்றது உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சி இன்னாத்துக்கு ஆவும்? அவுங்க கையில கீற மிசினுக்குத் தெரியணும்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் சபை பெரிய கோயில் எல்லாம் இல்லை. பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஷீட் போட்ட ஒரு கட்டடம். பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சபைக் குடும்பங்கள்தான். பக்கத்திலேயே டீக்கடை வைத்திருக்கிறவர் எங்கள் சபை இல்லை, ஆனாலும் எங்கள் எல்லாப் பேச்சிலும் இருப்பார். அன்றைக்கும் கிளாஸைக் கழுவிக்கொண்டே உள்ளே தலையை நீட்டினார்.

"இன்னா நைனா, இதுக்குப் போயி அல்லாரும் மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க? மீட்டிங்குக்கு ஆளு இட்டுகினு போறா மாதிரி ரெண்டு வேன் ஆள எறக்கு. இங்க ஏறட்டும், அடுத்த ஸ்டாப்புல எறங்கட்டும், நடந்து வந்து மறுக்கா ஏறட்டும். பிரியாணிக்கு நான் சொல்லிக்கிறேன்."

எல்லோரும் சிரித்தோம். சில வாலிபர்கள் சிரிக்காமல் யோசிக்கவும் ஆரம்பித்தார்கள். போதகர் ஐயா கையை உயர்த்தினார்.

"பஸ்ஸுக்காக நாம பொய் சொல்ல வேணாம். தினமும் ஏறுறவங்க ஏறுவோம். அது போதும். உள்ளதைக் காட்டுவோம், மிச்சத்தை ஆண்டவர் பாத்துக்குவார்."

என் மனைவி முதலில் ஆமென் சொன்னாள். எனக்கும் அது சரியென்று பட்டது. இன்றைக்கும் அது சரிதான் என்று நினைக்கிறேன். பிறகு பெண்கள் ஐக்கியத்தில் இருந்து ஒரு அம்மா எழுந்து, சும்மா போய் நிற்பதை விட புதன்கிழமை விடியற்காலையிலேயே உபவாச ஜெபம் வைத்து, முடித்த கையோடு நேராகப் போய் பஸ் ஏறலாமே என்றார். எவ்வளவு அழகான யோசனை! பஸ் வருவது ஏழே காலுக்கு மேல். ஏழு மணிக்குக் கடைசி ஜெபத்தை ஆரம்பித்தால் ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம். எதிரில்தானே நிறுத்தம், ரோட்டைத் தாண்டினால் ஆயிற்று. ஒருவர்கூட மறுத்துச் சொல்லவில்லை. மறுத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று இப்போதும் சில சமயம் எனக்குத் தோன்றும்.

புதன்கிழமை நானும் போயிருந்தேன். ஜெபம் முடிந்து ரயிலுக்குப் போகலாம் என்று சைக்கிளை வாசலில் சாய்த்து வைத்தேன். பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகிற புடவையோடு, பைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உபவாசம் என்பதால் அன்றைக்கு டிபன் பாக்ஸ் இல்லை. வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருக்கும். ஜெப நேரத்தில் செல்போன்களைச் சத்தத்தை நிறுத்தி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும், அது எங்கள் சபை ஒழுங்கு. என் மனைவியும் போட்டாள். ஆராதனை நடுவில் போன் அடித்து, ஒரு சினிமாப் பாட்டு ஒலித்து, போதகர் ஐயா முகம் வாடிப்போன நாளில் இருந்து வந்த ஒழுங்கு அது.

பாடினோம். ஒவ்வொருவராக ஜெபித்தார்கள். கடைசியில் போதகர் ஐயா முழங்காலில் நின்றார். எல்லோரும் முழங்காலிட்டோம். அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. "தகப்பனே, இந்தச் சாலையை நினைத்தருளும். இதில் போகிற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். இந்தப் பேருந்தை எங்களுக்கு விட்டுவையும்..." என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரு ஹாரன் கேட்டது.

நான் கண்ணைத் திறந்தேன். என் மனைவியும் திறந்திருந்தாள். பஸ்ஸாக இருக்குமோ என்று இருவருக்குமே ஒரு நொடி தோன்றியிருக்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு. ஏழு மணிக்கு ஏழு மணி பஸ் எப்படி வரும்? மண் லாரியாக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் ஹாரன், இந்தத் தடவை நீளமாக. அதற்குப் பிறகு விசில்.

லாரிக்கு ஏது விசில்?

என் மனைவி பாதி எழுந்துவிட்டாள். அவள் முந்தானை பக்கத்தில் இருந்த அம்மாவின் முழங்காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அந்த அம்மா கண்ணை மூடி அழுதுகொண்டிருந்தாள், இழுத்தது தெரியவில்லை. ஜெபத்தின் நடுவில் பஸ் வந்துடுச்சு என்று கத்துவதா? எல்லோர் காதிலும் அந்த விசில் விழுந்திருக்கிறது. எல்லோரும் ஆமென்னுக்காகக் காத்திருந்தோம். ஆமென் வந்ததும் என்றைக்கும் இல்லாத வேகத்தில் எழுந்தோம். வாசலில் அத்தனை செருப்பும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தது. பாதிப் பேர் வெறுங்காலோடு ஓடினார்கள்.

பஸ் திருப்பத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்படியில் கண்டக்டர் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். கூடையைத் திறந்து பார்த்தால் என் மனைவியின் போனில் அந்தச் சகோதரியின் மிஸ்டு கால் வரிசையாக நிற்கிறது. அந்த நிறுத்தத்தில் அன்றைக்கு ஏறியது பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும் ஒரு பூக்கார அம்மாவும். சபைக்கு வராத மாரியம்மன் கோயில் தெரு ஆட்களும் இன்றைக்கு என் மனைவியின் குரல் வரவில்லையே என்று ஏழே காலுக்கு மெல்ல நடந்து வந்தார்கள். நாங்கள் ரோட்டில் நிற்பதைப் பார்த்து, "இன்னும் வர்லியா?" என்று கேட்டார்கள்.

டீக்கடைக்காரர் வெளியே வந்தார். "வருசம் பூரா லேட்டா வந்தவன் இன்னிக்கு மட்டும் மாப்ளையாட்டம் கரீட்டா வந்துட்டான் மாமே! நான் கத்துனேன், உங்க ஜபச் சத்தத்துல எனக்கே என் குரல் கேக்கல. உள்ள ஏறி வந்து சொல்லலாம்னா, ஜபம் பண்ணிகினு கீறாங்களே, பாவமாப் பூடுமேன்னு நின்னுகினேன்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

எண்ணுகிறவர்கள் இரண்டு நாள் வருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். மறுநாள் ஊரே ஆறரைக்கு நிறுத்தத்தில் நின்றது. கோயில் தெருவும் சபைத் தெருவும் கலந்து நின்றோம். கல்யாணத்துக்குப் போகிற மாதிரி சில பெண்கள் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். பஸ் ஏழரைக்கு வந்தது. எண்ணுகிறவர் யாரும் இல்லை. கண்டக்டர் படியில் இருந்தபடியே தலையில் அடித்துக்கொண்டார்.

"நேத்து நிக்க வேண்டிய கூட்டத்த இன்னிக்கு நிக்க வெச்சிகினு கீறீங்களே யக்கா! நேத்து அவுரு முன் சீட்ல உக்காந்திருந்தாரு. டிப்போலயே கரீட் டைமுக்கு எட்த்தாச்சி. ஒரு ரெண்டு நிமிசம் சார், எதுர்ல ஜபம் நடக்குது, அல்லாம் நம்ம பாசஞ்சருதான்னேன். என்ன ஒரு மாதிரி பாத்தாரு. டைம்படி எடுங்கன்னுட்டாரு."

நேரத்துக்கு வந்த பஸ்ஸைத் திட்டுகிற ஊர் எங்கள் ஊர் ஒன்றாகத்தான் இருக்கும்.

சபையில் பலவிதமாகப் பேசினார்கள். சத்துருவின் தடை என்றார் ஒருவர். தேவ சித்தம் என்றார் இன்னொருவர். நான் விவாதிக்கிற ஆள் இல்லை, அவ்வளவு படிப்பும் இல்லை. ஆனால் எனக்கு அது ஒப்பவில்லை. வருஷம் முழுக்க பஸ்ஸைத் தாமதமாக விட்டு, அந்தத் தாமதத்துக்கு எங்களைப் பழக்கி, எண்ணுகிற அன்றைக்கு மட்டும் சரியான நேரத்துக்கு விட்டது மனிதர்கள். அதைத் தூக்கி ஆண்டவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, டவுனில் இருக்கிற பஸ் கார்ப்பரேஷன் அலுவலகத்துக்கு நானே போனேன். கணக்கைப் பார்க்கிற அதிகாரி சின்ன வயது. மரியாதையாக உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி ஒரு வரைபடம் காட்டினார். சில ரோடுகள் கை விரல் தடிமனில் சிவப்பாக இருந்தன. எங்கள் ரோடு இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. இருந்தது. வெளுத்த நூல் மாதிரி.

"நாங்க யாருக்கும் விரோதமா செய்யலைங்கய்யா" என்றார். "இருக்கிற வண்டி கொஞ்சம். எங்க கூட்டம் அதிகமோ அங்க அதிகமா விடுறோம். அதுதானே நியாயம்?"

"அன்னைக்கு நாங்க ஜெபத்துல இருந்துட்டோம் சார். எல்லாரும் எதிர்லயேதான் இருந்தோம்."

அவர் சிரிக்கவில்லை. "புரியுதுங்க. ஆனா அன்னைக்கு ஏறினவங்கதான் கணக்கு."

"பஸ் ஒழுங்கா வராம ஷேர் ஆட்டோவுல போறவங்க இருக்காங்க சார். போய் வர முடியாம வேலைய விட்டவங்க இருக்காங்க. அவங்க எல்லாம் எந்தக் கணக்குல வருவாங்க?"

"அது இந்த சர்வேல வராதுங்க."

"வேற எதுல சார் வரும்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு கேட்டார்: "நீங்க இப்ப இங்க எப்படி வந்தீங்க?"

"ரயில்ல சார்."

"கஷ்டமா இருந்துச்சா?"

"இல்லைங்க."

"பாத்தீங்களா, உங்க ஏரியாவுக்கு ரயில் வசதி இருக்கே."

ரயில் எனக்கு இருக்கிறது, அவளுக்கு இல்லை. நான் டவுனுக்குப் போகிறவன், அவள் குறுக்கே போகிறவள். ஊரில் இருக்கிற எல்லோரும் டவுனுக்கே போவதில்லை, எங்கள் பக்கத்துப் பெண்கள் முக்கால்வாசி குறுக்கேதான் போகிறார்கள். இதை எல்லாம் சொல்லியிருக்க வேண்டும். "நன்றிங்க சார், ஆண்டவர் உங்கள ஆசீர்வதிப்பார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். ரயிலில் உட்கார்ந்த பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. எதிர் சீட்டில் இருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வாய்விட்டே பேசிவிட்டேன் போலிருக்கிறது.

சில வாரங்களில் எங்கள் ரோட்டு பஸ் மாறியது. காலையில் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு ஒரு நடை, மத்தியானம் ஒரு நடை. ஏழு மணி பஸ் இல்லை. சாயங்காலம் திரும்புகிற பஸ் இல்லை. பெண்களுக்கு டிக்கெட் வேண்டாம் என்று அரசாங்கம் சொன்னபோது என் மனைவி எவ்வளவு சந்தோஷப்பட்டாள் தெரியுமா? இலவசம் என்பதற்காகக்கூட இல்லை, கண்டக்டர் முன்னால் சில்லறைக்குக் கெஞ்ச வேண்டாம் என்று. அந்தச் சலுகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஏறுவதற்கு பஸ்தான் இல்லை.

அவள் ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தாள். எங்கள் முனையில் இருந்து ஒன்று, பிறகு இறங்கி இன்னொன்று. ஆள் நிரம்பாமல் அது நகராது. நிரம்புகிற நேரம் டிரைவருக்கே தெரியாது. ஒரு நாள் சீக்கிரம், ஒரு நாள் தாமதம். வார்டில் இரவு வேலை பார்த்த ஆயா இவள் வரும் வரை வீட்டுக்குப் போக முடியாது. அவளும் எத்தனை நாள் பொறுப்பாள்? சாயங்காலம் இன்னும் மோசம். இருட்டின பிறகு எங்கள் பக்கம் வருகிற ஆட்டோ கிடைக்காமல் பூந்தமல்லியிலேயே நின்றுகொண்டு எனக்குப் போன் செய்வாள். என்னிடம் இருப்பது சைக்கிள். அந்த இருட்டு ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் நான் மிதித்துக்கொண்டு போய் என்ன செய்ய?

கடைசியில் வார்டுப் பொறுப்பு சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். கோபமாக இல்லை. "உங்கள விட மனசில்லைம்மா. ஆயாக்களுக்கு மேல ஒரு ரூம் இருக்கு. வாரம் பூரா அங்கயே தங்கிடுங்க, ஞாயித்துக்கெழம வீட்டுக்குப் போய் வாங்க. இல்லன்னா பக்கத்துல இருக்கிற ஆளாப் பாத்துப் போட்டுக்கிறோம்."

அன்று குடும்ப ஜெபம் முடிந்த பிறகும் அவள் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருந்தாள்.

"விட்டுடு" என்றேன். "என் சம்பளம் போதும்."

"சம்பளத்துக்கா போறேன்? அங்க படுத்துக் கெடக்குறவங்களுக்கு யாருங்க இருக்கா? வீட்ல உக்காந்தா நான் ஒடிஞ்சிருவேங்க."

"அப்ப நான்?"

அவள் என்னைப் பார்த்தாள். "நீங்க சோறு வெக்கக் கத்துக்குங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்ச நேரத்துக்கெல்லாம் இருவருக்கும் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அவள் படுக்கையையும் பையையும் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். சமையல்கட்டுக்கு மேலே ஒரு அறை. ஏற்கெனவே நாலு பெண்கள் தங்கியிருந்தார்கள். ஒருத்தி திருமழிசைக்கு உள்ளே ஒரு ஊர். ஒருத்தி ஆவடிக்கு அந்தப் பக்கம். இன்னொருத்திக்கு ஊர் ரொம்பப் பக்கம். பகலில் நடந்தே வந்துவிடலாம், ஆனால் டியூட்டி முடிகிற நேரத்தில் நடக்க முடியாத ரோடு. "உங்க ஊர்லயும் பஸ்ச நிறுத்திட்டாங்களாக்கா? வாங்க வாங்க, இது நம்ம ஆஸ்டலு" என்று ஒருத்தி இவளுக்குச் சுவரோரம் இடம் ஒதுக்கினாள். வீடும் புருஷனும் பிள்ளைகளும் உள்ள பெண்கள், சின்னப் பெண்கள் மாதிரி ஒரே அறையில் பெட்டியை அடுக்கிக்கொண்டு. எங்களுக்கு மட்டும்தான் இப்படி ஆகிவிட்டது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று தெரிந்ததில் ஆறுதல் ஒன்றும் கிடைக்கவில்லை. இன்னும் கோபம்தான் வந்தது. இவர்களில் ஒருத்தியாவது எந்த நிறுத்தத்திலாவது நின்று எண்ணிக்கையில் வருவாளா? மாட்டாள். இங்கே சமையல்கட்டுக்கு மேல் படுத்திருக்கிறாளே. அடுத்த தடவை எண்ண வருகிறவர்களுக்கு எங்கள் ரோடு இன்னும் வெளுத்துத் தெரியும்.

இப்போது அவள் சனிக்கிழமை இருட்டுவதற்குள் வருகிறாள். ஞாயிறு ஆராதனை, சமையல், என் துணிகள், அவள் துணிகள். ஞாயிறு ராத்திரி டியூட்டி அவளுக்கு என்று ஆகிவிட்டதால் நாலு மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் ஆட்டோ கிடைக்காது. வார நாளில் குடும்ப ஜெபத்தைப் போனில் செய்கிறோம். அவள் பக்கத்தில் அந்த நாலு பெண்களும் சேர்ந்துகொள்கிறார்களாம். இங்கே நான் ஒருத்தன் பாடினால் அங்கே ஐந்து குரல் பாடுகிறது. அந்த பஸ்ஸுக்காக நான் இன்னும் ஜெபிக்கிறேன். ஆனால் முன்னைப் போலக் குழைந்து கேட்க முடியவில்லை. கொஞ்சம் சண்டை மாதிரியே வருகிறது. அதையும் அவர் கேட்பார் என்று நம்புகிறேன். அன்றைக்கு ரயிலில் எனக்கு ஞாபகம் வந்ததை எல்லாம் அந்த அதிகாரிக்கு என் கையெழுத்திலேயே எழுதி, கோயில் தெரு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டோம். பார்க்கிறோம் என்கிறார்கள். மறுபடியும் போவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்ப முனைக்குப் போனேன். ஆட்டோ நின்றது. பின்னால் மூன்று பேர், எதிர் பலகையில் இரண்டு பேர், அதில் ஒருத்தி என் மனைவி. டிரைவர் வெளியே சாய்ந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

"எப்பப்பா எடுப்ப?" என்றேன்.

"ஒரு ஆளு வந்தா எட்த்துர்லாம் நைனா."

வெயில். யாரும் வரவில்லை. அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. உள்ளே ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அங்கே வார்டில் இன்னொருத்தி இவள் வருவதற்காகக் காத்திருப்பாள்.

"டியூட்டிக்கு நேரமாவுதுப்பா" என்றாள் அவள் மெதுவாக.

"நான் இன்னாம்மா பண்றது, காலி சீட்டோட ஓட்டுனா எனக்குக் கட்டாது."

அவனைச் சொல்லி என்ன? அவன் ஒருவன்தான் எங்கள் பக்கம் வருகிறான். நான் செருப்பைத் தட்டிவிட்டு உள்ளே ஏறி, அவள் பக்கத்தில் இருந்த அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்தேன்.

"எடு" என்றேன்.

"இன்னாங்க இது? திரும்ப எப்படி வருவீங்க?" என்றாள்.

"தெரியல. நீ மொதல்ல போய்ச் சேரு."

ஆட்டோ கிளம்பியது.